முனியப்பன் மேடையில் விரித்த இலை

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினால் ஒரு வாடை வரும். ஒட்டிய தாளை மாடு நக்கித் தின்றுவிடக் கூடாது என்பதற்காகக் கலப்பார்கள். இன்று காலை புங்கம்பட்டி ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அந்த வாடைதான் முதலில் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் பக்கெட்டும் பிரஷ்ஷுமாக வந்து சுவரில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். இடது பாதி கன்னடம், வலது பாதி தமிழ். மேல் ஏரியில் தூர்வாரிக் கரையை அகலப்படுத்தப் போகிறார்கள். அதனால் தங்களுக்குப் பாதகம் உண்டென்று கீழ் ஏரிக்காரர்கள் நினைத்தால் வந்து சொல்லலாம். கீழே இருப்பவர்கள் சரி என்று சொல்லும் வரை வேலை தொடங்காது. அவ்வளவுதான் விஷயம்.

ஈரம் காயாத அந்தத் தாளை உன்னிடம் காட்ட வேண்டும் என்று கை போனைத் தேடியது. நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஓசூரில் வேலை தொடங்கிய காலத்தில் கோர்ட்டில் பெண் வக்கீல்கள் குறைவு. பத்திரிகையில் பெண்கள் அதைவிடக் குறைவு. ஒரு லாரி விபத்து வழக்கின் விவரம் கேட்டு உன் அறைக்கு வந்தேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏமே ரிப்போர்ட்டரு, உக்காரு. மொதல்ல தண்ணி குடி. செத்தவன் எங்கியும் போயிடமாட்டான்" என்றாய். உன் வீட்டில் தெலுங்கு. நெருக்கமான பெண்களைத் தெலுங்கில் 'ஏமே' என்று கூப்பிடுவீர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதல் சந்திப்பிலேயே அப்படி அழைத்தாய் என்று பின்னால் தெரிந்தபோது சிரித்தேன். கடைசி வரை நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

நெடுஞ்சாலை விபத்துகளுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவதுதான் உன் தொழில். மாநில எல்லையில் இருக்கிற ஜூஜுவாடியிலிருந்து கிருஷ்ணகிரி வரை எந்த வளைவில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். நல்ல பெயர், நிறைய வழக்கு. மகனுக்கு வேலை கிடைத்து, அவன் கல்யாணமும் முடிந்த பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில், பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலைச் சட்டம் படிக்க இடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். பாடம் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்டம்.

வக்கீல்கள் சங்க அறையில் அன்று நான் இருந்தேன். கிரிமினல் பக்கம் பார்க்கிற மூத்தவர் ஒருவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்னா மேடம், இன்டர்நேஷனலா? நமக்கு ஜூஜுவாடி தாண்டுனாலே பாரின்தானே!" என்றார். அறையே சிரித்தது. நீயும் சிரித்தாய். "அதேதான் சார் நானும் சொல்லப் போறேன். நீங்க சிரிச்சிட்டீங்க, நான் பரீட்சையில எழுதுறேன், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாய். அப்போது அது வெறும் பதிலடி என்றுதான் நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து நீ அதையே எழுதினாய்.

வகுப்பில் பிள்ளைகள் உன்னை 'ஆண்ட்டி' என்றார்கள். காலையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் ஜன்னலோரம் இடம் பிடித்து, அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நிற்கும் நேரத்தையெல்லாம் படிப்புக்கு வைத்துக்கொண்டாய். "டிராபிக் ஜாம் மட்டும் இல்லன்னா நான் பெயிலுதான்" என்பாய். நீ படித்ததையெல்லாம் எனக்குச் சொல்லிப் பார்ப்பாய். சொன்னால்தான் உனக்கு நிற்கும். ஒரு நாடு தன் எல்லைக்குள் ஒரு காரியம் செய்கிறது. அது பக்கத்து நாட்டின் தண்ணீரையோ காற்றையோ கெடுக்கும் என்றால், தொடங்கும் முன்பே அந்த நாட்டுக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் போதாது, உட்கார்ந்து அவர்கள் பேச்சையும் கேட்க வேண்டும். இந்த ஒரு கொள்கையைப் பற்றி மட்டும் நீ எத்தனை பஸ் பயணம் பேசியிருப்பாய்.

காரணம் எனக்குத் தெரியும். வேப்பனப்பள்ளிக்கு அப்பால், எல்லையோரம் இருக்கிற புங்கம்பட்டி உன் அப்பா ஊர். புங்கன் ஏரிக்குத் தண்ணீர் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஏரியிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. அந்த ஊருக்குக் கன்னடத்தில் வேறு பெயர் உண்டு. புங்கம்பட்டிக்காரர்களுக்கு அது எப்போதும் மேலூர். உன் அம்மா மேலூர்ப் பெண். பாதி ஊருக்கு இப்படித்தான், பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். நீ படிப்பில் சேர்ந்த சமயத்தில் மேலூர்க் கால்வாய்க்கு மேலே ஒரு ரசாயனக் கம்பெனி வரப்போகிறது என்று பேச்சு வந்தது. அதன் கழிவுநீரைச் சுத்தப்படுத்திக் கால்வாயில் விடுவதாகத் திட்டம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான அறிவிப்பு கன்னடப் பத்திரிகையில் வந்தது. மேலூரில் தண்டோரா போட்டார்கள். தண்ணீர் வந்து சேரும் புங்கம்பட்டிக்கு யாரும் சொல்லவில்லை. அது வேறு மாநிலம். விதியில் அதற்கு இடம் இல்லை என்றார்கள். அந்த ஏரியை நம்பித்தான் உன் ஊரின் மாந்தோப்பும் கிணறுகளும்.

இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டு போனாய். உன் கைடு உன்னைவிட வயதில் சின்னப் பெண்மணி, கண்டிப்பானவர். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாடுகளுக்கு நடுவில் நடப்பதுதான் தன் பாடம், ஒரே நாட்டுக்குள் இரண்டு மாநிலங்களின் வாய்க்கால் தகராறு அதில் வராது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் இருந்தபடியே எனக்குப் போன் செய்தாய். உன் குரல் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"வேற ஆறு தேடச் சொல்றாங்கடி. ஐரோப்பாவுல ஒண்ணு எடுத்துக்கோங்கன்றாங்க. எனக்கெதுக்கு ஐரோப்பா ஆறு? அங்க போயி நான் தண்ணி மொள்ளப் போறேனா?"

"கோபப்படாத. எறங்கி வா, பேசலாம்."

"எறங்க மாட்டேன். இப்படியே கிருஷ்ணகிரி வரைக்கும் போயி ஊருக்குப் போறேன். நீயும் வா."

அந்த வாரம் நாம் புங்கம்பட்டிக்குப் போனபோது மேல் ஏரியில் மீன் பிடிக்க இருந்தார்கள். அதற்கு ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கீழே விட வேண்டும். மேலூரின் நீர்கட்டி நாராயணப்பா வந்து, கரையோரம் முனியப்பன் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஏரித் தூம்பைத் திறந்து மூடி முறை பார்க்கிறவரை நீர்கட்டி என்பார்கள். மேலூரில் தூம்பு திறப்பதற்கு முன்னால் நீர்கட்டி வெறும் வயிற்றோடு கீழே நடந்து வந்து, விஷயத்தைச் சொல்லிவிட்டு அந்த மேடையில் உட்கார வேண்டும். ஊர் கூடிப் பேசும். ஒத்துக்கொண்டால் மேடையில் இலை விரித்துக் களி போடுவார்கள். அவர் சாப்பிட்டுவிட்டுப் போய்த் தூம்பைத் திறப்பார். கரை பலவீனமாக இருக்கிறது, ஏரிக்குள் பயிர் நிற்கிறது என்று ஏதாவது இருந்தால் ஒரு செம்பு தண்ணீர் மட்டும் கொடுப்பார்கள். அவர் பசியோடு திரும்பிப் போவார். தூம்பு திறக்காது. உனக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கம். அதனாலேயே அதுவரை அது உன் கண்ணில் படவில்லை.

அன்று இலை விரித்தார்கள். நாராயணப்பா களி உருண்டையைக் கிள்ளி, அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். நீ என்னிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாய்.

"ஏமே, இதான்டி என் தீசிஸ்."

"எது, களியா?"

"களி தின்கிற ஆளு."

நாராயணப்பா தலை நிமிர்ந்து, "நான் என்னாம்மா பண்ணேன்?" என்றார், வாயில் களியோடு.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு விளக்கினாய். பன்னாட்டுச் சட்டம் பாதிக்கு மேல் எழுதிய ஒப்பந்தம் இல்லை, வழக்காறு. நாடுகள் ஒன்றைத் தொடர்ந்து செய்து வர வேண்டும். அதைப் பழக்கதோஷத்தில் செய்யாமல், செய்தே ஆக வேண்டிய கடமை என்று நம்பிச் செய்ய வேண்டும். இரண்டும் இருந்தால் அது சட்டம். இங்கே இரண்டு ஆட்சி, இரண்டு மொழி, நடுவில் எல்லை. மேல் ஊர் கீழ் ஊருக்குச் சொல்கிறது, கீழ் ஊர் சம்மதிக்கும் வரை காத்திருக்கிறது. பசியோடு திரும்பிப் போகிறவன் ஏன் ஒருநாளும் தூம்பை ஏமாற்றித் திறப்பதில்லை என்று கேட்டாய். திறக்கக் கூடாது என்று நம்புவதால். உன் கைடு இதைக் கேட்டுவிட்டு, திருப்பிக் கொடுத்ததை மறுபடி வாங்கிக்கொண்டாராம். பிறகு, "எழுதுங்கள். வெளித் தேர்வாளர் உங்களைப் பிய்த்துவிடுவார், தயாராக வாருங்கள்" என்றாராம். அடுத்த மாதங்களில் நீயும் நானும் இரண்டு ஊர்களிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். நான் கேள்வி கேட்பேன், நீ மூன்று மொழியில் சண்டை போடுவாய்.

அதற்குள் அந்தச் சாப்பாட்டுக் கதை நடந்துவிட்டது. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று நீ பதறிப்போனாய்.

கம்பெனிக்காக ஊர்களைச் சுற்றி வந்த இளைஞன் சந்தோஷ், சேலத்துப் பையன். நல்ல வெயிலில் புங்கம்பட்டிக்கு வந்து, வண்ணத் தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லம்மா அவன் வாடிய முகத்தைப் பார்த்திருக்கிறாள். எல்லம்மாவை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை என்று நீ சொல்வாய், ஆனால் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பகலில் மாந்தோப்பில் வேலை, இரவு ஷிப்டில் ஓசூர் போகும் மகனுக்குச் சமையல், வாய் ஓயாது. "சாப்டியாப்பா?" என்று கேட்டு, வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால், வாசலில் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து அவனுக்குக் களி போட்டுவிட்டாள். அவள் வாசல் முனியப்பன் மேடைக்கு எதிரே. அந்த வழியாக மீன் கூடையோடு போன மேலூர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள். மேடைப் பக்கம் இலை, இலையில் களி, எதிரே கம்பெனி ஆள். அவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்ன செய்தி ஒன்றே ஒன்றுதான்: கீழ் ஊர்க்காரர்கள் கம்பெனிக்குச் சோறு போட்டுவிட்டார்கள்.

வேறு எந்த ஊரிலும் இதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. மேலூரில் அது முடிந்துபோன சம்மதம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் மேலூர்ப் பள்ளிக்கூட மைதானத்தில். ஷாமியானா போட்டு, மேஜை மேல் துணி விரித்து, அந்த மாநிலத்து அதிகாரி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான பெண்மணி. நாம் புங்கம்பட்டியிலிருந்து டிராக்டரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனோம். உனக்குப் பேச இடம் கொடுத்தார்கள். நீ ஆரம்பித்து நாலு வாக்கியம் ஆவதற்குள், "நீங்கள் அந்த மாநிலம். எழுத்தில் கொடுங்கள், அனுப்பி வைக்கிறோம்" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். மேலூர்ப் பெரியவர் தொட்டப்பா எழுந்தார். உன் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் நம் பக்கம் நிற்பார் என்று நம்பித்தான் போயிருந்தோம். அவர் கன்னடத்தில், "கீழ் ஊர்க்காரர்களே சோறு போட்டுவிட்டார்கள். அப்புறம் நாங்கள் தடுக்க என்ன இருக்கிறது? எங்களுக்கும் ஆட்சேபம் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னடி சொல்றாரு மாமா? எவன்டி சோறு போட்டான்?" என்று என் கையைப் பிடித்தாய். அதிகாரி பேனாவை எடுத்தார். கம்பெனிக்காரர்களின் வரிசையில் இருந்த சந்தோஷுக்கும் ஒன்றும் புரியவில்லை. தன்னைப் பார்த்து ஏன் இத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று விழித்தான்.

எல்லம்மா எழுந்தாள். மைக் வேண்டும் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தேவையும் இல்லை.

"தொட்டப்பண்ணா! அந்தப் பையனுக்கு நான்தான் போட்டேன். வெயில்ல வந்தான், மொகம் வாடிக் கெடந்துச்சி, பசின்னான், போட்டேன். அது என் வூட்டு சோறு. ஊர் சோறா அது? மேடையில போட்டனா? ஊரக் கூட்டினனா? நாளைக்கு நீ வந்தாலும் போடுவேன். அதுக்குன்னு என் ஏரிய எழுதிக் குடுத்துட்டேன்னு அர்த்தமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தொட்டப்பா சிரிக்கவில்லை. மேடையிலா, வாசலிலா என்று மீன்காரர்களைப் பார்த்துக் கேட்டார். வாசலில்தான் என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அவர் மறுபடி எழுந்து, தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அதிகாரியிடம் சொன்னார்: கீழ் ஊர் இன்னும் சோறு போடவில்லை. அவர்கள் மேடையில் சோறு போடும் வரை மேலூருக்கு வாய் கிடையாது. முதலில் நான் சொன்னதை அடித்துவிடுங்கள்.

அதிகாரி திகைத்துப்போய், "இவர் ஆட்சேபிக்கிறாரா, ஆதரிக்கிறாரா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில்தான் நீ யார் என்று நான் பார்த்தேன். கையிலிருந்த எழுத்து மனுவை, மாதக்கணக்காக நீ எழுதித் திருத்தியதை, மடித்துப் பையில் வைத்தாய். ஒரு வாதமும் செய்யவில்லை. கன்னடத்தில், கோர்ட்டில் பேசுகிற நிதானத்தோடு, "மேடம், இது உங்கள் மாநிலத்தவர் சொன்னது. இதை அனுப்பி வைக்கத் தேவையில்லை. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே பதிவு செய்யுங்கள், வாசித்துக் காட்டுங்கள்" என்றாய். அவர் எழுதினார். வாசித்தார். கீழ் ஊரைக் கேட்காமல் மேலூர் கருத்துச் சொல்லாது என்று மேலூரே சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மேலூர் தன் கருத்தைச் சொல்லாவிட்டால் கூட்டம் எப்படி முடியும்? ஒத்திவைத்தார்கள்.

வெளியே வந்ததும் சந்தோஷ் நம்மிடம் வந்து, "மேடம், ஒரு உருண்டை களிக்கு எங்க பிராஜெக்டே நின்னுபோச்சு" என்றான் பாவமாக. எல்லம்மா, "ரெண்டாவது உருண்டை வேணுமான்னு கேட்டேன், நீதான் போதும்னுட்ட" என்றாள்.

புங்கம்பட்டியில் கூட்டம் நடத்த எத்தனை அலுவலகப் படி ஏறினாய் என்று நான் இங்கே எழுதவில்லை. அதை அப்போதே செய்தியாக எழுதிவிட்டேன். கடைசியில் வந்தார்கள். அந்த மாநிலத்து அதிகாரி எல்லை தாண்டி வந்து, முனியப்பன் மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திட்டம் மாறியிருந்தது. கழிவுநீரைச் சுத்தப்படுத்திக் கம்பெனிக்குள்ளேயே திரும்பப் பயன்படுத்துவார்கள். கால்வாயில் ஒரு சொட்டு விடமாட்டார்கள். கால்வாய்த் தண்ணீரைச் சோதிக்கும்போது இரண்டு ஊர் ஆட்களும் கூட நிற்கலாம். ஊர் காலையிலிருந்து மதியம் வரை கேள்வி கேட்டது. மழைக்காலத்தில் தொட்டி நிரம்பினால்? கரண்ட் போனால்? ராத்திரியில் யார் பார்ப்பார்கள்? நீ மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தாய். உன் தொண்டை கட்டிப்போனது. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி வாங்கிய பிறகு ஊர் தனியாகக் கூடிப் பேசியது. எல்லம்மா குடத்துத் தண்ணீரில் மேடையைக் கழுவினாள். இலை விரித்தார்கள்.

அதிகாரி பதறி எழுந்துவிட்டார். "அய்யோ வேண்டாம், நான் டிபன் பாக்ஸ் கொண்டு வந்திருக்கிறேன். டியூட்டியில் யாரிடமும் எதுவும் சாப்பிடக் கூடாது."

ஊர் அப்படியே நின்றது. மேலூரிலிருந்து வந்திருந்த தொட்டப்பா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி சாப்பிடாமல் போனால், பசியோடு போனதாக அர்த்தம். காலையிலிருந்து பேசியதெல்லாம் வீண். நீ அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, கட்டிப்போன தொண்டையில் சொன்னாய்:

"மேடம், இது சாப்பாடு இல்ல. கையெழுத்து. நீங்க போடல, இவங்க போடுறாங்க."

அவர் உன்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறி உட்கார்ந்தார். களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, இந்தப் பக்கத்துக்காரர்கள் போலவே மெல்லாமல் விழுங்கினார். "நம்ம ஊர் ஆளுதான்" என்று யாரோ சொன்னார்கள். அவர் கை கழுவியபோது இரண்டு ஊரும் கைதட்டியது. சாப்பிட்டதற்குக் கைதட்டு வாங்கிய அதிகாரியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நீ வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாய். வியர்வை என்றாய். சரி என்றேன்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொன்னாயே, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் வகுப்புப் பிள்ளைகள் முன் வரிசையில். வெளித் தேர்வாளர் வெளிநாட்டில் படித்துப் பாடம் நடத்தியவர். உன் கைடு எச்சரித்தது போலத்தான் ஆரம்பித்தார். நீங்கள் எழுதியிருப்பது சுவாரசியமான கிராமத்துப் பழக்கம். பன்னாட்டுச் சட்டத் துறைக்கு இதை ஏன் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். நீ ஆங்கிலத்தில் பதில் சொன்னாய். உன் ஆங்கிலமும் கோர்ட் ஆங்கிலம்தான், சுற்றி வளைக்காது. என் காதில் அது தமிழாகத்தான் நிற்கிறது.

"ஐயா, வழக்காறு சட்டமாவதற்கு இரண்டு வேண்டும் என்று உங்கள் புத்தகமே சொல்கிறது. தொடர்ந்து செய்திருக்க வேண்டும், கடமை என்று நம்பிச் செய்திருக்க வேண்டும். இரண்டு ஊர்களும் ஒருவரோடொருவர் சண்டை போட்ட வருடங்களில்கூட நீர்கட்டி வந்திருக்கிறார், சோறு கிடைக்காமல் திரும்பியிருக்கிறார், தூம்பு திறக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் ஒரே நாட்டுக்காரர்கள் என்பது உண்மை. ஆனால் உலக நாடுகள் ஆறுகளின் கரையில் உட்கார்ந்து தேடுகிற விதி இதுதான். இங்கே இல்லாதது பாஸ்போர்ட் மட்டும்."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அடுத்த கேள்வி கேட்பார் என்று காத்திருந்தோம். "அந்த அதிகாரி கடைசியில் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"இரண்டு உருண்டை" என்றாய்.

அறை சிரித்தது. பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள். உன் ஆய்வை அந்தத் துறையின் சிறந்த ஆய்வாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கைடு வெளியே வந்து சொன்னபோது, நீ அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாய். கண்டிப்பான அந்த அம்மாள் கால்களை உதறியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் மடியில் அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகம். அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றது. நீ படிக்கவில்லை, படிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஜூஜுவாடி வந்ததும் எழுந்து, "ஏமே, இன்டர்நேஷனல் பார்டர் வந்துடுச்சி, எறங்கு. டீ குடிக்கலாம்" என்றாய். கண்டக்டர், "ஓசூருக்குத்தானேம்மா டிக்கெட்டு எடுத்தீங்க?" என்றார். "ஆமாம்ப்பா, என் நாட்டுக்குள்ள வந்துட்டேன், இனிமே எங்க எறங்கினா என்ன" என்று சொல்லிவிட்டு இறங்கினாய். மறுநாள் வக்கீல்கள் சங்க அறையில் அந்தக் கிரிமினல் வக்கீல் எழுந்து நின்று உனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். நீ அவரிடம், "சார், நீங்க சொன்னதத்தான் எழுதினேன். அடிக்குறிப்புல உங்க பேரு போடல, மன்னிச்சுக்கோங்க" என்றாய்.

அதற்குப் பிறகு உனக்கு மூன்று வருடம் கிடைத்தது. விபத்து வழக்குகளைக் குறைத்துக்கொண்டு எல்லையோரத்து ஊர்களைச் சுற்றினாய். உன் வாதத்தைக் காட்டி, மேலே ஒரு வேலை நடந்தால் கீழேயும் இரண்டு மொழியில் நோட்டீஸ் ஒட்டுவது என்று ஊராட்சிகளை ஒவ்வொன்றாக ஒத்துக்கொள்ள வைத்தாய். உத்தரவு எதுவும் வரவில்லை. ஒட்டத் தொடங்கினார்கள், நிறுத்தவில்லை. ஒரு காலையில் கோர்ட்டுக்குப் புறப்பட்டவளுக்கு நெஞ்சு வலித்தது. அவ்வளவுதான், அதைப் பற்றி எழுத எனக்கு வேறு விவரம் இல்லை. உன் காரியத்துக்கு இரண்டு மாநிலத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தொட்டப்பா மேலூரிலிருந்து நடந்தே வந்தார். அந்த அதிகாரி வந்திருந்தார். யாரும் கேட்காமலே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இன்று காலை, நோட்டீஸ் ஒட்டியவர் பிரஷ்ஷைப் பக்கெட்டில் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். எல்லம்மா தோப்பிலிருந்து வந்துகொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது, வாய் அப்படியேதான் இருக்கிறது. "ஊட்டா ஆய்த்தா?" என்று கன்னடத்தில் கேட்டாள். சாப்பாடு ஆச்சா என்று. இல்லை என்றார் அவர்.

"சரி, மொதல்ல அதப் படிச்சிச் சொல்லு, என்னா போட்டுருக்குது."

அவர் படித்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கரை அகலப்படுத்தும்போது கால்வாய் வாயை அடைப்பார்களா என்று ஒரு கேள்வி கேட்டாள், அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொண்டு வரச் சொன்னாள். பிறகு, "வா, வூட்டுக்குள்ள வந்து சாப்பிடு. வெளியில உக்காராத. வெளியில போட்டா அதுக்கு அர்த்தம் வேற" என்று கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போனாள்.

நான் மேடைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். ஏரியில் தண்ணீர் கரை தொட்டு நிற்கிறது. தெளிவாக இருக்கிறது. மேலே கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன மழையில் தொட்டி நிரம்பப் போகிறது என்று தெரிந்தவுடன் அவர்களே ஆள் அனுப்பினார்களாம். வந்தவன் சந்தோஷ். மேடையில் போய் உட்கார்ந்து, ஊர் கூடும் வரை வாயைத் திறக்கவில்லையாம்.

எனக்கு வேலை இன்னும் ஓயவில்லை. இப்போதெல்லாம் ஒரு செய்தியை எழுதி முடித்ததும் உடனே அனுப்புவதில்லை. அது யார் தலையில் போய் விழுமோ அவரை முதலில் போனில் கூப்பிடுகிறேன். இன்னது எழுதியிருக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறேன். ஆபீஸில் இளம்பிள்ளைகள், "எதுக்கு மேடம் இவ்ளோ நேரம்?" என்று கேட்கிறார்கள். உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. அதனால் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: கீழ் ஊர்ல இன்னும் சோறு போடலப்பா.

அவர்களுக்குப் புரிவதில்லை. ஆனால் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.